பெயரை மட்டும் சொல்லவில்லை

திண்டுக்கல்
3 ஜூலை 1988

கர்த்தருக்குள் அன்பான வனஜா அக்காவுக்கு,

தம்பி ஜேம்ஸ் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. நலமாக வந்து சேர்ந்தேன். வேதப் பள்ளி விடுதியில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. சாம்பாரில்தான் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது. ஆவடி ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்குப் படிக்க வந்தவன் என்று தெரிந்ததும் எல்லோரும் என்னைப் பெரிய மனுஷனாக நடத்துகிறார்கள். எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

ஒரே குறை, இங்கே டி.வி. கிடையாது. பள்ளித் தலைவர் அதைப் பிசாசின் பெட்டி என்கிறார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்துவிட்டால் எனக்குக் கை ஓடுவதில்லை. உங்கள் வீட்டுத் தரையில் உப்புமாத் தட்டோடு உட்கார்ந்து ‘நாலாம் பிளாட்பாரம்’ பார்த்ததே கண்ணுக்குள் நிற்கிறது. ஒரே ஒரு பிளாட்பாரம் உள்ள ஸ்டேஷனுக்கு மேலிடத்திலிருந்து தவறுதலாக ‘4’ என்று போர்டு வர, ஸ்டேஷன் மாஸ்டர் அம்பலவாணன் அதை அப்படியே மாட்டிவிட்டு, “மத்த மூணும் வரும்யா” என்பாரே! எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் மட்டும், “விசுவாசம்னா இதானே தம்பி” என்றீர்கள். அதை வைத்துத்தான் போன வாரம் இங்கே முதல் பிரசங்கம் செய்தேன். உம்மென்று இருக்கும் எங்கள் ஆசிரியர்கூடச் சிரித்துவிட்டார்.

ஒரு உதவி அக்கா. ஒவ்வொரு வாரமும் கதையில் என்ன நடந்தது, உங்களுக்கு என்ன தோன்றியது என்று நாலு வரி எழுதிப் போடுங்கள். மனோகரன் அண்ணனுக்கு என் ஸ்தோத்திரம்.

தங்கள் தம்பி,
ஜேம்ஸ்


ஆவடி
14 ஜூலை 1988

அன்புத் தம்பி ஜேம்ஸுக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் நலம். நீ போன பிறகு இளைஞர் கூட்டத்துக்கு ஆள் குறைந்துவிட்டது என்று மூப்பர் உத்தமன் குறைப்பட்டுக்கொள்கிறார். என் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் மட்டும் குறையவில்லை. போன வாரம் நோவாவின் பேழையில் கொசுவும் ஏறியதா என்று ஒருவன் கேட்டான். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்று தப்பித்தேன்.

இந்த வாரக் கதை. போர்ட்டர் தூங்கிப் போகிறான். கூட்ஸ் வண்டி சிக்னலில் நின்றுவிடுகிறது. இன்ஸ்பெக்டர் வந்து குதிக்கிறார். அம்பலவாணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “நான்தாங்க அவனைத் தூங்கச் சொன்னேன்” என்கிறார். சொல்லவே இல்லை. போர்ட்டர் மனைவிக்குப் பிரசவம், அவன் கண் மூடாமல் இருந்தான் என்று இவருக்குத் தெரியும், அவ்வளவுதான். சம்பள உயர்வு போகிறது. பிறகு தன் டிபனில் பாதியைப் போர்ட்டரிடம் கொடுத்து, “இனிமே தூங்கறதா இருந்தா என் நாற்காலியில தூங்கு, அப்பதான் எனக்குத் தெரியும்” என்கிறார்.

நம் குவார்ட்டர்ஸ் வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் பருத்திப்பட்டிலிருந்து வருகிறாளே கன்னியம்மாள், அவளும் இப்போது நம் வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறாள். “இந்த மாதிரி ஒரு மேஸ்திரி எனுக்குக் கெட்ச்சிருந்தா நான் ஏன்க்கா இன்னும் பாத்திரம் தேச்சிகினு கீறேன்?” என்றாள். உன் மனோகரன் அண்ணன் சிரித்த சிரிப்பில் காப்பி சிந்திவிட்டது.

எனக்குத் தோன்றியது இதுதான். தலைவன் என்றால் எப்போதும் முன்னால் நடக்கிறவன் என்று நினைத்திருந்தேன். அடி விழுகிற நேரத்தில் முன்னால் வருகிறவன் போலிருக்கிறது.

அக்கா,
வனஜா


திண்டுக்கல்
21 செப்டம்பர் 1988

அன்பான அக்காவுக்கு,

அடி விழுகிற நேரத்தில் முன்னால் வருகிறவன்! இதைச் சொன்னபோது சபையில் ஒரு பெரியவர் எழுந்து நின்று அல்லேலூயா என்றார். பக்கத்து ஊர்ச் சபைகளிலிருந்து என்னைக் கூப்பிடுகிறார்கள். ‘ஸ்டேஷன் மாஸ்டர் பிரதர்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். உங்கள் கடிதம் வராத வாரம் எனக்குப் பேசப் பொருள் இல்லை. தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

பேழையில் கொசுவும் ஏறியிருக்கும். நோவா அடிக்க மறந்திருப்பார்.

ஜேம்ஸ்


ஆவடி
9 நவம்பர் 1988

அன்புத் தம்பிக்கு,

நேற்றைய கதையில் சிரிப்பே இல்லை. டிக்கெட் கிளார்க் பார்த்தசாரதி தயங்கித் தயங்கி, “சார், நிஜமாவே மத்த மூணு பிளாட்பாரமும் வருமா?” என்று கேட்கிறான். கடைசி வண்டி போகட்டும் என்று அம்பலவாணன் காத்திருக்கிறார். பிறகு, “எனக்கு அந்த நம்பிக்கை போய் ரொம்ப நாளாச்சுப்பா. போர்டைக் கழட்டிட்டா நீங்கள்லாம் காலையில எதுக்கு வேலைக்கு வருவீங்க? அதனாலதான் தொடைச்சு வைக்கிறேன்” என்கிறார்.

கன்னியம்மாள் எழுந்து போய்விட்டாள். உன் அண்ணன் செய்தி கேட்க உட்கார்ந்துவிட்டார். நான் சமையலறைக்குப் போய்ச் சும்மா நின்றேன்.

தம்பி, அது நான்தான்.

எங்கள் பாப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. மூளைக் காய்ச்சல் என்று உனக்குத் தெரியும். மற்றது தெரியாது. ஆஸ்பத்திரியில் அவள் காலைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன். கால் நெருப்பாகக் கொதித்தது. கேட்டுக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் கால் சூடு இறங்க ஆரம்பித்தது. கேட்கப்பட்டது என்று நினைத்தேன். ஸ்தோத்திரம் சொன்னேன். கால் இன்னும் குளிர்ந்தது. நான் இன்னும் ஸ்தோத்திரம் சொன்னேன். நர்ஸ் வந்து என் கையை எடுத்துவிட்டபோதுதான்

இதற்கு மேல் எழுத வரவில்லை.

அன்றிலிருந்து ஜெப வீட்டில் நான் வாயால் மட்டும் பாடுகிறேன். பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு நம்பிக்கை தெரிகிறது. அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும் என்று இருக்கிறேன். உன் அண்ணனுக்கு இது தெரியாது. அவர் அவளுடைய கவுனை மடித்துத் தன் பெட்டியில் வைத்திருக்கிறார். அந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வேன்? உன்னிடம் சொன்னது உன்னோடு இருக்கட்டும்.

அக்கா


திண்டுக்கல்
17 நவம்பர் 1988

என் அருமை அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்க நான் வகுப்புக்குப் போகவில்லை. என்னை நம்பி எழுதினீர்களே, அதற்கு நான் தகுதியானவனா என்று தெரியவில்லை. நீங்கள் எழுதியது என்னோடு மண்ணுக்குள் போகும். ஒரு உயிருக்கும் சொல்ல மாட்டேன். தேவனுக்கு முன்பாக இதைச் சொல்கிறேன்.

தைரியமாக இருங்கள். நான் உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

உங்கள் தம்பி,
ஜேம்ஸ்


ஆவடி
13 பிப்ரவரி 1989

ஜேம்ஸுக்கு,

நேற்று மாலைக் கூட்டத்தில் மூப்பர் உத்தமன் டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். “நம்ம ஜேம்ஸு, மதுரை கன்வென்ஷன்ல பேசினது. கேசட்டே போட்டுட்டாங்க” என்றார். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். பெண்கள் பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.

அம்பலவாணன் வந்தார், போர்டு வந்தது, எல்லோரும் சிரித்தார்கள். பிறகு உன் குரல் தாழ்ந்தது. “ஆவடி குவார்ட்டர்ஸில் எனக்கு ஒரு அக்கா உண்டு. ஞாயிறு பள்ளி நடத்துகிறவர். ஒரே மகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர்.” எனக்கு முதலில் புரியவில்லை. வேறு யாரையோ சொல்கிறாய் என்று நினைத்தேன். அப்படித்தான் மனசு நினைத்தது.

காலைச் சொன்னாய். சூட்டைச் சொன்னாய். நான் ஸ்தோத்திரம் சொன்னதைச் சொன்னாய். நர்ஸ் வந்ததைச் சொல்லி, கையை எடுத்ததைச் சொல்லி, நான் எழுதும்போது நிறுத்திய அதே இடத்தில் நீயும் நிறுத்தினாய். கேசட்டில் ஜனங்கள் விம்முகிற சத்தம் கேட்டது. அவ்வளவு நன்றாக நிறுத்தினாய். பிறகு, “அவர் இன்றும் பாடுகிறார், வாயால் மட்டும். உங்களில் எத்தனை பேர் அப்படிப் பாடுகிறீர்கள்?” என்றாய்.

ஜெப வீட்டில் ஒருவரும் டேப் ரெக்கார்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள்.

உன் அண்ணன் ஆண்கள் பக்கம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். வீடு வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார், ஏறவில்லை. வீட்டுக்குள் வந்து விளக்கைப் போட்டுவிட்டுச் சொன்னார்: “நீ ஜெபம் பண்ணலங்கறது எனக்குப் பெரிசா தெரியல வனஜா. அவ கால் குளுந்து போனதை இன்னிக்குத்தான் கேக்கறேன். டேப்புல கேக்கறேன். அவன்கிட்ட எழுதத் தெரிஞ்ச உனக்கு என்கிட்ட சொல்லத் தெரியலையா?”

இன்று காலை உத்தமன் வந்தார். “கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கம்மா. சின்னப் பிள்ளைங்க விஷயம் பாரு” என்றார். ஞாயிறு பள்ளியை அவர் மருமகள் பார்த்துக்கொள்வாளாம். பிள்ளைகளிடம் நான் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

ஏன் செய்தாய்? இதற்கு மட்டும் பதில் எழுது.

வனஜா


திண்டுக்கல்
20 பிப்ரவரி 1989

அன்பான அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கேசட் ஆவடி வரைக்கும் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. உங்கள் பெயரை நான் ஓரிடத்திலும் சொல்லவில்லை அக்கா. மறுபடியும் கேட்டுப் பாருங்கள்.

அன்று மேடையில் ஏறும்வரை அதைச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போது ஆவியானவர் ஏவினார். ஜனங்கள் கண்ணீரோடு முன்னால் வந்தார்கள். பிள்ளையை இழந்த ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்கும் அப்படித்தான் ஐயா” என்றார். உங்கள் காயம் எத்தனை பேரைத் தொட்டது என்று நீங்கள் நேரில் பார்த்திருந்தால் என்மேல் கோபப்பட மாட்டீர்கள். ஒருநாள் இதற்காக நீங்களே நன்றி சொல்வீர்கள்.

அண்ணனுக்கு நான் தனியாக எழுதட்டுமா? உத்தமன் ஐயாவிடமும் பேசுகிறேன்.

மாதப் பத்திரிகை ஒன்றில் அம்பலவாணனைப் பற்றித் தொடராக எழுதக் கேட்டிருக்கிறார்கள். கதை முடியப் போகிறதாமே. மனக்கஷ்டத்தில் கேட்கிறேன் என்று தெரியும், கடைசி வாரங்களை மட்டும் எழுதி அனுப்ப முடியுமா?

ஜேம்ஸ்


ஆவடி
2 மார்ச் 1989

ஜேம்ஸுக்கு,

ஆவடி என்றாய். குவார்ட்டர்ஸ் என்றாய். ஞாயிறு பள்ளி என்றாய். ஒரே மகள் என்றாய். பெயரை மட்டும் சொல்லவில்லை. அது உண்மைதான்.

மேடையில் திடீரென்று தோன்றியது என்கிறாய். நான் எழுதிய வரிகள் ஒரு சொல் பிசகாமல் வந்தன. மனப்பாடம் செய்யாமல் அப்படி வராது. ஆவியானவர் மேல் பழியைப் போடாதே.

அம்பலவாணன் தன் ஆட்களின் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அதை நான்தான் உனக்கு எழுதினேன். நீ என் தலையை எடுத்து மேடையில் வைத்துவிட்டாய்.

உன் அண்ணனுக்கு எழுத வேண்டாம். அவர் உன் கடிதத்தைப் பிரிக்க மாட்டார். கன்னியம்மாள் எல்லாவற்றையும் கேள்விப்பட்டு வந்து, “அந்த ஆளு இங்க வந்தா சொல்லுக்கா, நான் கேக்கறேன். ஊட்டுல சோறு துன்னுட்டு ஊரு பூரா வாந்தி எடுத்துகினு கீறான்” என்றாள். அவளை நான் அடக்கவில்லை.

கதை நேற்று முன்தினம் முடிந்துவிட்டது. என்ன நடந்தது என்று நான் எழுதப் போவதில்லை.

வனஜா


மதுரை
6 ஆகஸ்ட் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

நாலு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. என் எழுத்தைப் பார்த்ததும் கடிதத்தை ஒதுக்கி வைக்காமல் படிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். மதுரையில் ஊழியம் நன்றாக நடக்கிறது. ‘நாலாம் பிளாட்பாரம் கற்றுத்தரும் தலைமையும் விசுவாசமும்’ என்ற என் புத்தகம் மூன்றாம் பதிப்பு வந்திருக்கிறது. ஒரு பிரதி இத்துடன்.

அக்டோபரில் ஆவடியில் மூன்று நாள் கன்வென்ஷன். உத்தமன் ஐயாதான் ஏற்பாடு. கடைசி நாள் நீங்கள் மேடைக்கு வந்து சாட்சி சொல்ல வேண்டும். புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தைப் படித்தவர்களெல்லாம், “அந்த அக்கா இப்போது எப்படி இருக்கிறார்?” என்று கேட்கிறார்கள். உங்களைப் பார்த்தால் எத்தனையோ பேர் பலப்படுவார்கள். இரண்டு நிமிஷம் பேசினால் போதும். பிறகு ஒரு பாட்டு.

ஜேம்ஸ்


ஆவடி
19 ஆகஸ்ட் 1993

திரு. ஜேம்ஸ் அவர்களுக்கு,

புத்தகத்தைப் படித்தேன்.

கன்னியம்மாள் மேஸ்திரியைப் பற்றிச் சொன்ன பேச்சு அதில் ஒரு பேராசிரியர் சொன்னதாக இருக்கிறது. அவளிடம் வாசித்துக் காட்டினேன். “இன்னாக்கா, எனுக்கு பேன்ட் மாட்டி உட்டுட்டானா?” என்று சிரித்தாள். நான் சொன்னவையெல்லாம் உங்களுக்கு ஜெபத்தில் கிடைத்ததாக இருக்கின்றன. அது போகட்டும்.

கடைசி அத்தியாயத்தில் மற்ற மூன்று பிளாட்பாரமும் கட்டப்படுகின்றன. அம்பலவாணன் கொடியசைக்கிறார். நீங்கள் அந்த வாரத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பிளாட்பாரம் எதுவும் வரவில்லை. அவருக்கு மாற்றல் வந்தது. பெட்டியோடு அதே ஒற்றைப் பிளாட்பாரத்தில் நின்று, மற்றவர்களைப் போல டிக்கெட் வாங்கி வண்டி ஏறிப் போனார். போர்ட்டர் முனியன் அழுதுகொண்டே போர்டைத் துடைத்தான். அவ்வளவுதான். அதில் நீங்கள் எடுக்கக்கூடிய பாடம் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அதே அத்தியாயத்தில் ‘ஆவடி அக்கா’ ஒரு விடியற்காலை முழங்காலில் விழுந்து அழுது, இழந்த விசுவாசத்தைத் திரும்பப் பெறுகிறாள். மறுநாளே ஞாயிறு பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளோடு வாய்விட்டுப் பாடுகிறாள். ஜேம்ஸ், எனக்கு அந்தப் பள்ளியைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. நான் கதை சொல்லிக் கொடுத்த பிள்ளைகள் இப்போது தெருவில் பார்த்தால் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு அவசரமாகப் போகிறார்கள். வீட்டில் என்ன சொல்லி வைத்தார்களோ.

முதலில் எனக்கு நடந்ததை எடுத்துக்கொண்டீர்கள். இப்போது நடக்காததையும் என் மேல் எழுதிவிட்டீர்கள். மேடைக்கு வந்து அதை நானே நடித்துக் காட்ட வேண்டும் என்கிறீர்கள்.

வர மாட்டேன். அந்த அத்தியாயம் பொய் என்று கன்வென்ஷனில் எழுந்து நின்று சொல்லவும் மாட்டேன். உங்களுக்காக அல்ல. பாப்பாவை இன்னொரு முறை மைக்கில் கேட்க அவள் அப்பாவால் முடியாது.

வனஜா மனோகரன்


மதுரை
11 ஜனவரி 1994

வனஜா அக்காவுக்கு,

அக்டோபர் கன்வென்ஷனுக்கு நான் வராதது தெரிந்திருக்கும். தொண்டை சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். தொண்டைக்கு ஒன்றுமில்லை.

இப்போது பல மாதமாக மேடையில் நிற்கிறேன், பேசுகிறேன், ஜனங்கள் அழுகிறார்கள். எனக்குள் ஒன்றும் இல்லை அக்கா. ஒரு குச்சியைத் தட்டினால் சத்தம் வருவது போல வாயிலிருந்து வருகிறது. அறைக்கு வந்து முழங்கால் போட்டால் யாரிடம் பேசுகிறேன் என்று தெரியவில்லை. எப்போது போனது என்றும் தெரியவில்லை. வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது. என்னை நம்பி ஐந்து சபைகள் இருக்கின்றன. தெரிந்தால் ஒரே நாளில் எல்லாம் போய்விடும். திரும்பிப் போக ஃபேக்டரி வேலையும் இல்லை.

இந்த உலகத்தில் இது என்னவென்று தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். எப்படி இருந்தீர்கள் இத்தனை வருஷம்? இப்போது ஜெபிக்கிறீர்களா? அதை மட்டும் சொல்லுங்கள். தயவுசெய்து இது நம் இருவரோடு இருக்கட்டும்.

ஜேம்ஸ்


ஆவடி
7 பிப்ரவரி 1994

திரு. ஜேம்ஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பல முறை படித்தேன். மன்னிப்பு என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

போன ஞாயிறு உத்தமன் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரரும் இருந்தார். உத்தமன் மதுரையிலிருந்து ஏதோ கேள்விப்பட்டிருக்கிறார். “ஜேம்ஸுக்கு என்னமோ ஆயிடுச்சுங்கறாங்க. உனக்கு ஏதாச்சும் எழுதினானாம்மா? நீதான் அவனுக்கு அக்கா மாதிரி” என்றார். அக்கா மாதிரி. என்னைப் பிள்ளைகளிடமிருந்து அனுப்பிவிட்டு ஐந்து வருஷம் கழித்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்.

பொய் சொல்ல மாட்டேன், வாய் வரைக்கும் வந்தது. ஒரு வரி போதும். உங்கள் வரிகளை அப்படியே சொல்லியிருக்கலாம். எங்கே நிறுத்த வேண்டும் என்றுகூட உங்களிடமிருந்து கற்றுக்கொண்டிருக்கிறேன். உத்தமன் வாயால் அது ஆவடியிலிருந்து அம்பத்தூர் போய், பூந்தமல்லி போய், மதுரைக்கு வந்து சேர ஒரு வாரம் ஆகாது. எனக்கு நடந்தது போலவே எல்லோரும் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதை நினைத்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

“எழுதினார் ஐயா. அது அவருக்கும் எனக்கும்” என்றேன். அவர் மேலும் கேட்டார். நான் காப்பி போட எழுந்து போய்விட்டேன்.

அவர் போன பிறகு இவரிடம், “என்ன எழுதியிருக்கான்னு உங்ககிட்டயும் சொல்ல முடியாது. கோச்சுக்காதீங்க” என்றேன். ஒரு காலத்தில் உங்களிடம் சொல்லிவிட்டு இவரிடம் சொல்லாததற்கு இவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். அதனால்தான் பயந்துகொண்டே சொன்னேன். இவர் சட்டையை மாட்டிக்கொண்டார். “சொல்ல வேணாம். வா, ஏரிப் பக்கம் நடந்துட்டு வரலாம்” என்றார்.

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் உங்களை மன்னிக்கவில்லை. மன்னிக்க முயலவும் இல்லை. ஒருவர் நம்பிச் சொன்னால் அது சொன்ன இடத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். சொன்னவர் நல்லவரா என்று பார்த்துச் செய்கிற காரியம் இல்லை அது.

எப்படி இருந்தீர்கள் என்று கேட்டீர்கள். மேடையில் ஏறாமல் இருந்தேன். முடிந்தால் நீங்களும் கொஞ்ச நாள் இறங்கி இருந்து பாருங்கள். பசிக்கு ஒரு வேலை கிடைக்கும். லேத் பிடித்த கை உங்களுடையது.

இப்போது ஜெபிக்கிறேனா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

அதை உங்களிடம் சொல்ல மாட்டேன்.

வனஜா மனோகரன்